வேடம் கட்டியவர் பெயர் என்ன?

தர்மபுரியில் இருந்துகொண்டு நாடகம் பற்றி எழுதிப் பிழைக்க முடியுமா என்று தம்பிகள் கேட்கிறார்கள். சம்பளத்துக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் எழுத ஆளில்லாத இடம் இது. திரௌபதி அம்மன் கோயிலில் விடிய விடிய பாரதக் கூத்து நடக்கும். செய்தியில் துரியோதனன் படுகளப் படம் மட்டும் வரும், வேடம் கட்டியவர் பெயர் வராது. விமர்சனம் என்பது சென்னை அரங்குகளுக்குத்தான் போல!

கூலி எவ்வளவு, கூத்து எந்தத் தெருவுக்குள் போகவில்லை என்பதும் கலைச் செய்திதான். “இதில் சாதி எதற்கு?” என்று என்னிடமே ஓர் ஆசிரியர் கேட்டார். 2012 நவம்பரில் நத்தம் காலனி எரிந்த மாவட்டம் இது. கையால் மலம் அள்ளும் கொடுமையைப் பேசிய ‘மஞ்சள்’ நாடகத்தை எழுதிய ஜெயராணி ஒரு பத்திரிகையாளர்தான். முதல் கட்டுரைக்கு ஒப்பனைக் கொட்டகையில் போய் உட்காருங்கள், தோழர்களே. பெயரைக் கேட்டு எழுதுங்கள்.