தோட்டா சிறுத்தால் அச்சம் தீருமா?

இரவு ஷிப்ட் முடிகிறது. ஆலைச் சங்கு ஊதுகிறது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் வாயிலில் பெண்கள் வெளியே வருகிறார்கள். பள்ளிப்பட்டுப் பக்கத்து நெசவாளர் வீடுகளில் தறிச் சத்தம் குறையக் குறைய, அந்த வீட்டுப் பெண்களும் கைத்தறியை விட்டு ஆலை வேலை தேடிப் பஸ் ஏறுகிறார்கள். கையில் சாப்பாட்டு டப்பா, கண்ணில் தூக்கம், நெஞ்சில் ஒரே கேள்வி: பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் உள்ள இருட்டை எப்படிக் கடப்பது?

இந்தக் கேள்விக்கு இந்திய சர்க்காரின் ஆயுதத் தொழிற்சாலை ஒரு பதிலைச் சொன்னது. 2014 ஜனவரியில் கான்பூரிலுள்ள பீல்டு கன் தொழிற்சாலை, பெண்களுக்கென்றே ஒரு ரிவால்வரை வெளியிட்டது. எடை அரைக் கிலோ. ஆறு தோட்டா. பெயர் ‘நிர்பீக்’, அஞ்சாதது என்று பொருள். விலை சுமார் 1 இலட்சத்து 22 ஆயிரம் ரூபாய்!

ஒப்பந்தக் கூலிக்கு உழைக்கும் பெண் எத்தனை மாதம் பட்டினி கிடந்தால் இந்த அஞ்சாமையை வாங்க முடியும்? நாம் கேட்கிறோம்.

விலை ஒருபுறம் இருக்கட்டும். அந்த ரிவால்வர் பிறந்த கதையைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது புதிதாகப் பிறந்த பிள்ளையல்ல. வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய சட்டையைப் பிடித்துத் தைத்துக் கொண்டதுதான். பர்மிங்காமில் வெப்லி-ஸ்காட் கம்பெனி செய்த ‘மார்க் 4’ என்ற ரிவால்வர், .38 அளவுத் தோட்டாவைச் சுடுவது. அந்த அமைப்பையே எடுத்துக்கொண்டு, .32 அளவுச் சிறு தோட்டாவைச் சுடும்படி மாற்றி, ஆயுதத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்கு விற்றன. நிர்பீக் அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி.

ஏன் மாற்றினார்கள்? சிறு தோட்டா மேலானது என்றா? இல்லை. சட்டம் அப்படி. போலீசும் பட்டாளமும் வைத்திருக்கும் அளவுகள், அதாவது .303, .380, .455, 9 மில்லிமீட்டர் போன்றவை, குடிமக்களுக்கு விலக்கப்பட்டவை. .32 அளவோ லைசென்ஸ் கிடைத்தால் வைத்துக்கொள்ளக் கூடியது. சட்டத்துக்கு ஏற்றபடி துளையைச் சுருக்கினார்கள். அவ்வளவுதான்.

இந்த விலக்கின் வேர் எங்கே? 1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம், இந்தியன் கையில் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் கூடாது என்றது. ஐரோப்பியனுக்கு மட்டும் விதிவிலக்குத் தந்தது! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 அளவு ரைபிள்கள் இந்தியாவுக்குள் வரக்கூடாது என்று தடுத்தார்கள். பட்டாளத்துத் தோட்டா கலகக்காரன் கைக்குப் போய்விடும் என்ற பயம். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் சும்மா இருந்தனவா? .470 என்றும் .465 என்றும் மயிரிழை மாற்றி, மகாராஜாக்களுக்கும் துரைமார்களுக்கும் புலிவேட்டைக்கு விற்றுக் காசாக்கின. பணமுள்ளவனுக்கு அன்றும் ஒரு புதுத் துளை கிடைத்தது. ஏழைக்கு அன்றும் வாசல் அடைப்பு!

1931இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக்கூட அடிப்படை உரிமைகளின் பட்டியலில் சேர்த்தது. விடுதலை வந்தது. 1959இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. 1962இல் நடைமுறைக்கு வந்தது. அதிலும் பட்டாளத்து அளவு, பொதுமக்கள் அளவு என்ற கோடு அழியவில்லை.

எல்லோர் இடுப்பிலும் துப்பாக்கி தொங்க வேண்டும் என்று நாம் வாதாடவில்லை. வீட்டுக்கு வீடு ரிவால்வர் இருக்கும் நாடு, பெண்ணுக்கு அச்சமற்ற நாடாகிவிடாது. அமெரிக்காவைப் பாருங்கள், அங்கே துப்பாக்கிக்குப் பஞ்சமில்லை, துப்பாக்கிச் சாவுக்கும் பஞ்சமில்லை. நாம் சொல்வது வேறு. ஒரு தோட்டாவை இன்னொரு தோட்டாவாக மாற்றிவிட்டு, அதைப் பெண்ணின் பாதுகாப்பு என்று விளம்பரப்படுத்துகிறார்களே, அந்த ஏமாற்றைத்தான் கண்டிக்கிறோம்.

நிர்பீக் பிறந்தது டில்லிக் கொடுமையின் நிழலில். 2012 டிசம்பர் 16 இரவு, வீடு திரும்ப வண்டி தேடி நின்ற ஒரு பெண் தனியார் பஸ் ஒன்றில் ஏறினாள். பயணிகளை ஏற்ற அனுமதியே இல்லாமல் ஓடிய பஸ் அது. அன்றைக்கு அவளுக்கு வேண்டியிருந்தது என்ன? நேரத்துக்கு வரும் ஒரு சர்க்கார் பஸ்! அனுமதியில்லாத பஸ்ஸைத் தடுத்து நிறுத்தும் ஒரு போலீஸ்காரன்! அது இருந்திருந்தால் அந்த உயிர் இருந்திருக்கும். 2013 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாயில் ‘நிர்பயா நிதி’ அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே ரிவால்வரைக் காட்டினார்கள். ‘நிதி எங்களிடம், துப்பாக்கி உன்னிடம், இனி உன் பாடு’ என்பதுதானே இதன் பொருள்?

சரி, கடனை உடனை வாங்கியாவது ஒருத்தி வாங்குகிறாள் என்றே வைத்துக்கொள்வோம். லைசென்ஸுக்கு மனுப் போட வேண்டும். போலீஸ் விசாரணை முடிய வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பயிற்சியும் பெற வேண்டும். எல்லாம் முடிந்து ஆலை வாயிலுக்கு வந்தால், சாப்பாட்டு டப்பாவையே திறந்து பார்க்கும் வாட்ச்மேன் ரிவால்வரை உள்ளே விடுவானா?

இங்கே நம் லேத்துப் பட்டறைத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. தொழிற்பேட்டையைச் சுற்றிலும் கைத்திறன் மிக்க கடைசல்காரர்கள் இருக்கிறார்கள். ‘பழைய துப்பாக்கி இருக்கிறது, வேறு தோட்டா போகிற மாதிரி கொஞ்சம் மாற்றிக் கொடு’ என்று எவனாவது நோட்டை நீட்டினால், தொடாதீர்கள். தாங்காத இரும்பில் பெரிய அழுத்தம் பாய்ந்தால் வெடித்துப் போவது உங்கள் கை. அகப்பட்டால் உள்ளே போவதும் நீங்கள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வதற்கும் மாற்றுவதற்கும் 2019 திருத்தத்தின்படி 7 ஆண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் வரைக்கும் நீளலாம். ஏவியவன் எங்கோ இருப்பான். செய்தவன் கம்பி எண்ணுவான். உழைப்பாளியின் திறமை ரௌடியின் கைக்கூலி ஆகக்கூடாது.

கான்பூர்த் தொழிலாளி மீதும் நமக்குக் கோபமில்லை. அவன் சொன்னதைச் செய்தான், செம்மையாகச் செய்தான். அவனுக்குக் கிடைத்த பரிசு என்ன? 2021 அக்டோபர் 1 அன்று, நம் திருச்சித் தொழிற்சாலையும் சேர்ந்த 41 ஆயுதத் தொழிற்சாலைகளை 7 கம்பெனிகளாகப் பிரித்தார்கள். எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யாதபடி அதே ஆண்டில் தனிச் சட்டமும் கொண்டுவந்தார்கள். முன்னதாக 2020இல், பழைய வெப்லி-ஸ்காட் கம்பெனியே உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்துக்கு வந்து, அதே .32 ரிவால்வரைச் செய்யத் தொடங்கியது. முன் வாசலில் போன வெள்ளைக்காரக் கம்பெனி பின் வாசலில் வந்துவிட்டது!

ஆகவே தோழர்களே, நமக்கு வேண்டியதை நாமே சொல்வோம். 2000ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் பெண்களின் இரவு வேலைக்கு இருந்த தடையை நீக்கியபோது, சும்மா நீக்கவில்லை. போக்குவரத்து, பாதுகாப்பு என்று நிபந்தனைகள் விதித்தது. அந்த நிபந்தனைகள் ஒவ்வொரு ஆலையிலும் நடக்கின்றனவா என்று தொழிற்சாலை இன்ஸ்பெக்டரைக் கேட்போம். ஷிப்ட் முடிந்ததும் வீட்டுத் தெரு வரைக்கும் பஸ் கேட்போம். நிறுத்தத்திலிருந்து ஊர் வரைக்கும் விளக்குக் கேட்போம். புகார் சொன்ன பெண்ணை வேலையை விட்டு விரட்டாத கமிட்டி கேட்போம். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இவற்றைக் கேட்பது பெண்களின் வேலை என்று ஆண் தோழர்கள் ஒதுங்கக் கூடாது. ஒரு ஆலையில் ஒரு பெண் பயந்து நடந்தால், அந்த ஆலைச் சங்கத்தின் கொடி தலை குனிந்தே பறக்கிறது.

.38 ஆனாலும் .32 ஆனாலும் துப்பாக்கி பேசுவது ஒரு மொழிதான். பள்ளிப்பட்டுப் பெண் கேட்பது அந்த மொழியை அல்ல. இருட்டில் வெளிச்சத்தைக் கேட்கிறாள். வாங்கித் தருவோம்!