தப்பான அலமாரியில் தேடுகிறோம்!

பயோ மெடிக்கல் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவில் சேர்ந்தபோது சர்க்யூட் போர்டும் சால்டரிங் அயனும்தான் இனி நம் வாழ்க்கை என்று நினைத்திருந்தேன். பிசியாலஜி பேப்பர் வந்து நின்றது. பத்தாம் வகுப்போடு வந்தவன் நான். மெட்டபாலிசம் என்றால் என்ன கண்டேன்? லைப்ரரியில் ஒரு பயோகெமிஸ்ட்ரி புத்தகம் எடுத்தேன். தலைக்கு வைத்துப் படுக்கலாம், தலையில் ஏறாது. கிடைத்தது ஓர் அரியர்.

அதைவிட உறுத்தியது வேறு. அம்மாவுக்குச் சர்க்கரை. "ராத்திரி ரெண்டு இட்லிதான்டா சாப்பிட்டேன். காலையில வெறும் வயித்துல எப்படிடா இவ்வளவு ஏறும்?" என்று கேட்டாங்க. டிப்ளமோ படிக்கும் பிள்ளை திருதிருவென்று விழித்தேன்.

எளிய புத்தகம் இல்லை என்று நாம் புலம்புவது நியாயமில்லை என்பதே என் கருத்து. அரசின் பதினொன்றாம் வகுப்புத் தாவரவியல் புத்தகத்தில் சுவாசித்தல் பாடத்தைப் புரட்டுங்கள். "மனுஷ உடம்புக்குச் செடிப் புத்தகமா?" என்று நானும் சிரித்தவன்தான். குளுக்கோஸ் இரண்டு பைருவேட்டாக உடைவதும், அதில் நிகர லாபம் 2 ஏடிபி என்பதும், மைட்டோகாண்ட்ரியாவில் கிரெப்ஸ் சுழற்சி ஓடுவதும் செடிக்கும் நமக்கும் ஒன்றுதான். (அந்தக் கிரெப்ஸின் கட்டுரையையே 1937இல் 'நேச்சர்' இதழ் இடமில்லை என்று திருப்பிவிட்டது, 1953இல் நோபல் பரிசு வந்தது. அரியர்காரர்கள் கவனிக்க!)

தமிழில் படிப்பதில் இன்னொரு லாபம். வளர்சிதை மாற்றம்: சேர்த்துக் கட்டுவது வளர், உடைத்து ஆற்றல் எடுப்பது சிதை. பாதிப் பாடம் பெயரிலேயே முடிந்துவிட்டது.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பாய்லர் மாதிரி உடம்பு ஒரேயடியாக எரிப்பதில்லை, படிப்படியாக எரிக்கிறது. கடைசிப் படியில் ஏடிபி சிந்தேஸ் என்ற என்சைம், புரோட்டான் ஓட்டத்தில் டர்பைன் போல நிஜமாகவே சுற்றுகிறது!

கல்லீரல் விஷயத்துக்கு ஓபன்ஸ்டாக்ஸின் இலவச உடற்செயலியல் நூலில் 24ஆம் அத்தியாயம். ஆங்கிலம்தான், டிக்‌ஷனரியோடு உட்காருங்கள். அம்மாவுக்குப் பதில் அங்கேதான் கிடைத்தது. நாம் தூங்கினாலும் மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும். அதனால் கல்லீரல் சேமித்த கிளைக்கோஜனை உடைத்தும், புதிதாகக் குளுக்கோஸ் தயாரித்தும் ரத்தத்தில் விடுகிறது. அதற்கு பிரேக் இன்சுலின். பிரேக் சரியாகப் பிடிக்காவிட்டால் சாப்பிடாமலே சர்க்கரை ஏறும். "அப்போ நான் தூங்கினாலும் ஈரல் தூங்காதா?" என்றாங்க அம்மா. அதைவிடச் சுருக்கமாக எந்த நோட்ஸிலும் நான் படித்ததில்லை.

வீடியோக்களைக் குறை சொல்லவில்லை. பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். பேப்பரில் வரைந்து பார்த்தால் மூன்றாவது அம்புக்குறியிலேயே கை நின்றுவிடும். வரைந்து பார்த்த பிறகுதான் என் அரியர் கிளியர் ஆனது.

யூனியன் நிர்வாகிகளுக்கு ஒரே கோரிக்கை. கலைவிழா மேடை அலங்காரத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, பிளஸ் ஒன் உயிரியல் புத்தகங்கள் நான்கு செட் லைப்ரரிக்கு வாங்கிப் போடுங்கள். அதுவரை என்னுடைய செட் இருக்கிறது. அட்டை கிழிந்திருக்கும், பரவாயில்லை, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.