தூதனா, துதிபாடியா?

மக்கள் தொடர்பு வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு ஓர் உபதேசம் உண்டு: "சிரித்த முகமும் இனிய பேச்சும் போதும், மனநிறைவு தானே வரும்." வராது என்கிறேன் நான்.

இத்தொழிலின் முன்னோடிகளுள் ஒருவர் ஐவி லீ என்ற அமெரிக்கர், நிருபராயிருந்து வந்தவர். 1906-ல் அட்லாண்டிக் சிட்டியில் ரயில் கவிழ்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, மூடி மறைத்தே பழகிய ரயில்வே கம்பெனியை இணங்கவைத்து, நிருபர்களை அந்த இடத்துக்கே வரவழைத்தார். எஜமானிடம் உண்மையைச் சொல்லும் துணிவு அது.

1914-ல் கொலராடோவின் லட்லோவில் சுரங்கத் தொழிலாளரின் கூடாரங்கள் எரிந்தன, குழந்தைகளும் மாண்டார்கள். ராக்ஃபெல்லர் தரப்புக்காக அதே லீ வெளியிட்ட பிரசுரங்கள், ஒரு தொழிற்சங்கத் தலைவரின் ஓராண்டுத் தொகையை ஒன்பது வாரச் சம்பளமாகக் காட்டின. தகவல்களைத் தாம் சரிபார்க்கவில்லை என்று விசாரணைக் குழுவின்முன் அவரே ஒப்புக்கொண்டார்.

ஆள் ஒருவர்தான், திறமையும் ஒன்றுதான். எட்டே ஆண்டுகளில் தூதர் துதிபாடியாகிவிட்டார்.

"பிழைக்க வந்தவன் எதிர்த்துப் பேசலாமா?" என்பீர்கள். எதிர்க்க வேண்டாம், "இது நிஜந்தானா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எந்தப் பதவியும் வேண்டியதில்லை. கற்பனையை விற்றுப் பிழைக்கிறவன்தான் நானும். ஆனால் 'நாவல்' என்று அட்டையிலேயே அச்சிட்டு விற்கிறேன். உங்கள் அறிக்கையில் அப்படி ஓர் அட்டை கிடையாது. ஊரார் அதை உண்மையென்று நம்பித்தான் படிக்கிறார்கள்.

கம்பெனியின் சொல்லை ஊருக்குச் சொல்லச் சம்பளம் தருவார்கள். ஊரின் சொல்லைக் கம்பெனிக்குச் சொல்கிறவனுக்கே மனநிறைவு கிட்டும்.