பிள்ளை யார் பக்கம்? - வெளியூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை

"பிள்ளை யார்கிட்ட இருக்கு?"

ஒரு ஜோடி பிரிந்துவிட்டது என்று காதில் விழுந்ததும் நம் ஜனங்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாப் பந்தியிலும் கேட்டிருக்கிறேன், பேங்க் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தும் கேட்டிருக்கிறேன். கேள்வியோடு தீர்ப்பும் சேர்ந்தே வரும். "அஞ்சு வயசு வரைக்கும்தான் அம்மாவுக்கு, அப்புறம் அப்பாவுக்கு." "பையன்னா அப்பா, பொண்ணுன்னா அம்மா." "யாருக்குச் சம்பளம் ஜாஸ்தியோ அவங்களுக்குத்தான் ஜட்ஜ் கொடுப்பார்."

மூன்றும் தப்பு. மூன்றையும் நம்பி பிள்ளைகளை வைத்துப் பகடை ஆடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. பி.காம். படித்துவிட்டு பேங்க்கில் சேர்ந்து, டிரான்ஸ்பரில் புனே வந்து சேர்ந்தவன். ஆனால் மைனர் அக்கவுண்ட், கார்டியன் கையெழுத்து, "அவர் எடுக்கக்கூடாது, ஃப்ரீஸ் பண்ணுங்க சார்" என்று கண்ணில் தண்ணீரோடு வரும் தாய், அடுத்த நாளே அதே கோரிக்கையோடு வரும் தகப்பன் - இதெல்லாம் எங்கள் அன்றாடப் பிழைப்பு. கோர்ட் உத்தரவு இல்லாமல் எங்களால் எதையும் மாற்ற முடியாது என்று இரண்டு பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லி அனுப்புவோம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதலில் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இதற்கு அடிப்படை 1890-ல் வெள்ளைக்காரன் போட்ட காப்பாளர் மற்றும் காப்புக்குட்படுவோர் சட்டம். எல்லா மதத்தாருக்கும் பொது. அதன்மேல் இந்துக்களுக்கு 1956-ல் இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் வந்தது. அதன் 6-வது பிரிவில்தான் அந்தப் பிரபலமான வரி: இயற்கைக் காப்பாளர் தகப்பன், அவருக்குப் பிறகு தாய். ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கவேண்டும். நம் ஜனங்கள் இதோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். 13-வது பிரிவு வரை யாரும் போவதில்லை. குழந்தையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேலான விஷயம் என்று சொல்வது அந்தப் பிரிவு. ஐந்து வயது முடிந்த மறுநாள் பிள்ளையை அப்பாவிடம் ஒப்படைக்கவேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

இன்னொரு குழப்பம். கார்டியன் என்பது வேறு, கஸ்டடி என்பது வேறு. பிள்ளையின் சொத்துக்கும் கையெழுத்துக்கும் பொறுப்பாளி கார்டியன். பிள்ளை யார் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி ஸ்கூலுக்குப் போகிறதோ அவரிடம் கஸ்டடி. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கவேண்டும் என்பதில்லை.

இந்தக் கார்டியன் சமாச்சாரத்தில் எங்கள் துறைக்கே சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்று உண்டு. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984-ல் தன் மகன் பேரில் 9 சதவீத ரிலீஃப் பாண்டு வாங்க ரிசர்வ் பேங்க்கில் விண்ணப்பம் போட்டார், தாயாகிய தானே கார்டியன் என்று குறிப்பிட்டு. தகப்பன் கையெழுத்து வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. பணம் போடுகிறவர் தாய், பிள்ளையை வளர்ப்பவர் தாய், கையெழுத்து மட்டும் தகப்பனுடையது! அவர் சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1999 பிப்ரவரியில் தீர்ப்பு. "அவருக்குப் பிறகு" என்றால் தகப்பன் செத்த பிறகு என்று அர்த்தமில்லை, அவர் இல்லாத நிலையில் என்று அர்த்தம். ஊரில் இல்லாமல் இருக்கலாம், உடம்பு முடியாமல் இருக்கலாம், பிள்ளையைக் கவனிக்காமலே இருக்கலாம். அப்போதெல்லாம் தாய்தான் கார்டியன் என்றது கோர்ட். சட்டத்தின் எழுத்து மாறவில்லை, பொருள் மாறியது. பேங்க் பாஷையில் சொன்னால், 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' அக்கவுண்டை ஏறக்குறைய 'ஐதர் ஆர் சர்வைவர்' ஆக்கிவிட்டார்கள் :-)

அப்படியானால் கஸ்டடியை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? இதுவரை பிள்ளையை யார் கவனித்து வந்தார்கள், ஸ்கூல் எங்கே, கூடப்பிறந்தவர்களைப் பிரிக்கவேண்டி வருமா, வீட்டில் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள், அடி உதை உண்டா, குடி உண்டா - இதெல்லாம் பார்ப்பார்கள். விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கலாம் என்று 1890 சட்டத்தின் 17-வது பிரிவே சொல்கிறது. பல ஜட்ஜுகள் தங்கள் அறையில் வைத்துத் தனியாகப் பேசுகிறார்கள். சம்பளம் ஒரு அம்சம்தான். சம்பளம் குறைந்த தாய் பிள்ளையை இழக்கவேண்டியதில்லை, பணத்தைத் தகப்பனைக் கொடுக்கவைக்க ஜீவனாம்சம் என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் உடைமைகளும் அல்ல, பெற்றோரின் விளையாட்டுப் பொருட்களும் அல்ல என்று சுப்ரீம் கோர்ட் 1973-லேயே சொல்லியாயிற்று. கஸ்டடி உத்தரவு கல்வெட்டும் இல்லை. சூழ்நிலை மாறினால் மறுபடி போய் மாற்றக் கேட்கலாம்.

இதுவரை ஏட்டுச் சுரைக்காய். இனிமேல்தான் நம் கதை.

சொந்த ஊரில் இருப்பவர்கள் பிரிந்தால் பிள்ளை இரண்டு தெரு தள்ளிப் போகும். நம்மைப் போல வெளியூரில் இருப்பவர்கள் பிரிந்தால் பிள்ளை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போகிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). அவர் இங்கே சாஃப்ட்வேர் கம்பெனியில், அந்தப் பெண்ணுக்கு மதுரைப் பக்கம். ஏழு வயதுப் பையன். மே மாத லீவுக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டவர் இவர்தான். ஜூனில் ஸ்கூல் திறந்தது, அவர்கள் திரும்பவில்லை. அங்கேயே ஒரு ஸ்கூலில் சேர்த்தாயிற்று என்று மாமனார் போனில் சொன்னார்.

அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இந்த ஊரில் அவளுக்கு யார் இருந்தார்கள்? வீட்டு அக்ரிமெண்ட் அவர் பேரில். பாஷை அரைகுறை. சண்டை என்று வந்தால் போய் ஒரு ராத்திரி தங்க அக்கா வீடோ அத்தை வீடோ கிடையாது. அம்மா வீட்டுக்குத்தான் போவாள். அவரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. தினமும் பையனை ஸ்கூல் பஸ் ஏற்றிவிட்டுத்தான் ஆபீஸ் போவார்.

பிறகு நடந்தது என்ன? அவர் இங்கே ஃபேமிலி கோர்ட்டில் மனுப் போட்டார். அந்தப் பெண் அங்கே ஜீவனாம்சத்துக்குப் போட்டாள். 1890 சட்டத்தின் 9-வது பிரிவுப்படி, பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த இடத்து கோர்ட்டில்தான் கார்டியன் மனுவைப் போடவேண்டும். வழக்கமாக வசிப்பது புனேவா மதுரையா? வழக்குக்கு வழக்கு நிலவரத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2011-ல் சொல்லியிருக்கிறது. அந்த நிலவரத்தை நிரூபிக்கவே மாதக்கணக்காகும். ஒரு மாநில கோர்ட்டிலிருந்து இன்னொரு மாநில கோர்ட்டுக்கு வழக்கை மாற்றவேண்டுமென்றால் அதற்கென்று டெல்லிக்கு, சுப்ரீம் கோர்ட்டுக்கே போகவேண்டும். வாய்தா மேல் வாய்தா. பையன் அதற்குள் இரண்டு கிளாஸ் தாண்டிவிட்டான். அங்கே நண்பர்கள், அங்கே கிரிக்கெட், அங்கே தாத்தா. இனிமேல் பிடுங்கி நட எந்த ஜட்ஜுக்கும் கை தயங்கும். தயங்குவதுதான் நியாயமும்கூட.

என் கட்சி இதுதான். நம் குடும்பங்களில் கஸ்டடியைத் தீர்மானிப்பது தீர்ப்பு தேதி அல்ல, பிரிந்த முதல் சில மாதங்கள். அப்போது பிள்ளை எங்கே இருந்ததோ அங்கேயே வேர் விட்டுவிடுகிறது. வட்டி மாதிரி ஒவ்வொரு நாளும் ஏறிக்கொண்டே போகிறது. இதைத் தெரிந்துகொண்டே "முதல்ல பிள்ளையைக் கூட்டிட்டு வந்துடு, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்று போனில் யோசனை சொல்லும் பெரியவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். பிள்ளையை அடமானமாக வைத்து நகையையும் சீர்ப்பணத்தையும் மீட்கப் பார்ப்பவர்களும் உண்டு. அடமானப் பொருள் லாக்கரில் அப்படியே இருக்கும். பிள்ளை வளர்ந்துவிடும், மாறிவிடும்.

ஒரு விலக்கு உண்டு, அதை அழுத்திச் சொல்லவேண்டும். அடி உதை இருக்கும் வீட்டில் இந்த நிதானமெல்லாம் பேசக்கூடாது. பிள்ளையோடு வெளியேறுவதுதான் சரி. 2005-ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்கலாம். பிள்ளையின் தற்காலிகக் கஸ்டடியையும் அங்கேயே கேட்கலாம்.

மற்றவர்களுக்கு என் யோசனை: பிள்ளை ரயில் ஏறுவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். விவாகரத்து வரை போகப்போவதில்லை என்று நினைத்தாலும் எழுதுங்கள்.

பிள்ளை எந்த ஊரில் எதுவரை படிக்கும், முழுப் பரீட்சை லீவு யாருக்கு, தீபாவளி பொங்கல் யாருக்கு என்று எழுதுங்கள். யார் கொண்டுபோய் விடுவது, ரயில் செலவு யாருடையது என்றும் எழுதுங்கள். ஸ்கூல் ஃபீஸ், ஆஸ்பத்திரிச் செலவு எந்த விகிதம் என்பதும் இருக்கட்டும்.

தினமும் எத்தனை மணிக்கு வீடியோ கால் என்பதை மறக்காமல் எழுதுங்கள். நேரில் பார்க்கும் உரிமை போலவே இந்தத் தொடர்பு உரிமையும் முக்கியம், அதுவும் பெற்றோர் வேறு வேறு மாநிலத்திலோ நாட்டிலோ இருந்தால் ரொம்ப முக்கியம் என்று 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அந்தப் பத்து நிமிஷம் பேசும்போது பக்கத்தில் நின்று எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

இந்தத் தாள் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பரஸ்பர சம்மத விவாகரத்து என்று வந்தால் இதையே மனுவோடு வைத்து உத்தரவாக்கிக்கொள்ளலாம். சண்டை என்றே வந்தாலும், ஆரம்பத்தில் என்ன பேசிக்கொண்டோம் என்பதற்குச் சாட்சி இருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து பொறுப்பேற்கும் கூட்டுக் கஸ்டடிக்குச் சட்டத்திலேயே இடம் வேண்டும் என்று சட்டக் கமிஷன் 2015 மே மாதம் தன் 257-வது அறிக்கையில் சிபாரிசு செய்தது. நல்ல யோசனைதான். ஆனால் வாரத்தில் மூன்று நாள் புனே, நாலு நாள் மதுரை என்று எந்தப் பிள்ளையும் படிக்க முடியாது. தூரத்தில் இருப்பவர்களுக்குக் கூட்டுக் கஸ்டடி என்றால் இந்த லீவுக் கணக்கும் போன் நேரமும்தான்.

பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள். யாரோடு இருக்கப்போகிறாய் என்று கேட்டுக் கூண்டில் ஏற்றவேண்டாம். ஸ்கூல், நண்பர்கள், லீவு எப்படி இருந்தால் உனக்குச் சௌகரியம் என்று கேளுங்கள். பத்து வயது நிரம்பிய பிள்ளை தானே சேவிங்ஸ் அக்கவுண்டை இயக்க பேங்க்குகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் பேங்க்கே 2025 ஏப்ரலில் மறுபடி சொல்லியிருக்கிறது. பணத்தில் நம்பக்கூடிய பிள்ளையை அதன் சொந்த வாழ்க்கை விஷயத்தில் ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

கடைசியாக, சங்கங்களில் இருக்கும் பெரியவர்களுக்கு. கொலு, பட்டிமன்றம், பொங்கல் எல்லாம் வருடா வருடம் நன்றாகவே நடத்துகிறீர்கள். பிரியப்போகும் ஜோடி ஒன்று வந்தால் சேர்த்துவைக்கத்தான் எல்லோரும் பார்க்கிறோம், பார்க்கவேண்டியதுதான். சேராது என்று தெரிந்த பிறகு நமக்கென்ன என்று விலகிவிடுகிறோம். அப்போதுதான் நடுநிலையான இரண்டு பேர் தேவை. அந்தத் தாளை எழுதவைக்க, லீவில் வரும் பிள்ளையை ஸ்டேஷனில் கைமாற்றிக்கொடுக்க, தகப்பன் வந்து பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டு ஹாலைத் திறந்துவிட. உறவு இல்லாத ஊரில் அந்த வேலையைச் செய்ய நம்மை விட்டால் வேறு ஆள் கிடையாது.