பழைய பயில்வானும் புதிய பிரேக்கும்

நம்மிடம் உள்ள வாகனம் ஒரு சைக்கிள். அதற்கு இதுவரை இரண்டு தடவை டயரும், மூன்று தடவை செயினும், ஒரு தடவை ஹாண்டில்பாரும் மாற்றியிருக்கிறோம். ஆயினும், அது நாம் வாங்கிய அதே சைக்கிள்தான் என்பதில் நமக்கு லவலேசமும் சந்தேகம் உண்டானதில்லை. சென்ற மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு கடிதம் அந்த நிச்சயத்தைச் சற்றே ஆட்டிவிட்டது.

எழுதியவர் நம்மிடம் பௌதிக சாஸ்திரம் படித்த பழைய மாணாக்கர். ஓஹையோ மாகாணத்தில் உத்தியோகம். ஏழு பக்கக் கடிதத்தில் மனைவி மக்களைப் பற்றி இரண்டு வரி. மீதி முழுவதும் 1965-ஆம் வருஷத்தில் செய்த ஒரு மோட்டார் வண்டியைப் பற்றி! அண்டை வீட்டுக் கிழவர் ஒருவரிடம் அதைத் துருப்பிடித்த நிலையில் வாங்கி, நாலு வருஷமாக விடுமுறை நாட்களில் தாமே பழுது பார்த்து வருகிறாராம். இப்போது ஒரு தர்மசங்கடம் ஏற்பட்டிருக்கிறது. அதைத் தீர்க்க நம்முடைய யோசனை வேண்டுமாம்.

சங்கடம் இன்னதென்று சொல்லுமுன், அந்த ஜாதி வண்டிகளின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். அமெரிக்கர்கள் அவற்றை ‘மஸில் கார்’ என்கிறார்கள். ‘பயில்வான் வண்டி’ என்று நாம் வைத்துக்கொள்ளலாம். நடுத்தர அளவுள்ள குடும்ப வண்டியில், பெரிய வண்டிக்குரிய எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டால் அதுவே பயில்வான். 1964-ஆம் வருஷ மாதிரியாக வந்த பாண்டியாக் ஜி.டி.ஓ.வை இந்த வம்சத்தின் மூலபுருஷன் என்று பலரும் கருதுகிறார்கள். அது பிறந்த கதை வேடிக்கையானது. நடுத்தர வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கலாகாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் ஒரு விதி இருந்தது. பாண்டியாக் பிரிவின் தலைமை எஞ்சினீயரான ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும் அந்த விதியை வெகு கவனமாகப் படித்தார்கள். வண்டியோடு சேர்த்துக் கொடுத்தால்தானே குற்றம்? வாங்குகிறவர் விரும்பிக் கேட்கும் உபரிச் சாமான்களின் ஜாபிதாவில் பெரிய எஞ்சினையும் சேர்த்துவிட்டால்? இவ்விதமாக 389 கன அங்குல எஞ்சின், 325 குதிரைச் சக்தியுடன், சாதுவான ஒரு குடும்ப வண்டிக்குள் குடிபுகுந்தது. முதலில் 5,000 வண்டிகளுக்கு ஏற்பாடு. அந்த வருஷத்திலேயே விற்றவை 32,450. விதியை இப்படிப் படிக்கும் பையன்கள் நம் வகுப்பிலும் உண்டு. கணக்கில் அவர்களுக்கு நல்ல மார்க்கு வருவதையும் கண்டிருக்கிறோம்.

அப்புறம் கேட்பானேன்? போர்டு, செவர்லே, பிளிமத், டாட்ஜ் என்று எல்லாரும் கோதாவில் இறங்கினார்கள். 1970-இல் வந்த ஒரு செவர்லே எஞ்சினுக்கு 450 குதிரைச் சக்தி என்று விளம்பரம் செய்யப்பட்டது. அத்தோடு சரி. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கட்டணத்தை உயர்த்தின. அதே 1970-இல் காற்றின் சுத்தத்தைக் காக்கும் கடுமையான சட்டம் வந்தது. 1973-இல் அராபிய நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பயில்வான்கள் மெலிந்து போனார்கள்.

நிற்க. ‘நிற்க’ என்று நாம் எழுதுவது எளிது. அந்த வண்டிகளுக்கு அதுதான் கஷ்டமான காரியம். ஓடுவதற்குச் செலவிட்ட புத்தியை நிறுத்துவதற்குச் செலவிடவில்லை. முதல் ஜி.டி.ஓ.வுக்கு நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே. டிரம் பிரேக்கில் சுழலும் உருளைக்குள்ளிருந்து இரண்டு கட்டைகள் வெளிப்புறமாக அழுத்துகின்றன. மலைச் சரிவில் பலமுறை அழுத்தினால் உருளை சூடேறி விரியும். அதாவது கட்டையை விட்டு விலகிப் போகும். உலோகம் சூட்டில் விரியும் என்பது ஆறாம் வகுப்புப் பாடந்தான். டிஸ்க் பிரேக்கில் இரண்டு பட்டைகள் ஒரு தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கின்றன. தட்டு சூடேறித் தடித்தால் பட்டையை நோக்கியே வரும். சூடும் சீக்கிரம் ஆறிவிடும்.

இதைவிடப் பொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அக்காலத்து வண்டிகள் பெரும்பாலானவற்றில் பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறைதான். எங்காவது ஒரு குழாய் உடைந்தால் நான்கு சக்கரங்களிலும் ஒரே சமயத்தில் பிரேக் போய்விடும். முன் சக்கரங்களுக்கு ஓர் அறை, பின் சக்கரங்களுக்கு ஓர் அறை என்ற ஏற்பாடு அமெரிக்க வண்டிகளில் 1967-ஆம் வருஷ மாதிரிகளிலிருந்துதான் பொதுவாயிற்று.

நம் மாணாக்கருக்கு நேர்ந்தது இதுதான். சென்ற கோடையில் ஒரு சரிவில் இறங்கும்போது பழங்குழாய் ஒன்று பிளந்து, பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சாலையோரப் புல்மேட்டில் வண்டியை ஏற்றி நிறுத்தினார். பின் ஆசனத்தில் அவருடைய எட்டு வயதுப் பெண். யாருக்கும் காயமில்லை. வீட்டு அம்மாள் மட்டும் மறுநாளே, “முன் சக்கரத்துக்கு டிஸ்க், இரட்டை மாஸ்டர் சிலிண்டர், எல்லாருக்கும் தோள் வார் - இவை வரும்வரை குழந்தை அதில் ஏறமாட்டாள்” என்று தீர்ப்புக் கூறிவிட்டார்.

சாமானுக்குப் பஞ்சமில்லை. வண்டி செய்த கம்பெனி அல்லாத பிறர் உறுப்புகள் செய்து விற்பது அங்கே மிகப் பழைய வியாபாரம். லாஸ் ஏஞ்செலிஸில் விக் எடெல்பிராக் என்பவர் தம் போர்டு வண்டிக்காக ஒரு புதுக் காற்றுக்குழாய்த் தொகுதியை வார்த்தது 1938-இல். 1963-இல் இந்த வியாபாரிகள் தங்களுக்கென்று ஒரு சங்கமே அமைத்துக்கொண்டார்கள். இன்று கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் கருவியும், நான்கு கியர் இருந்த இடத்தில் ஐந்து கியரும் கிடைக்கின்றன. ஈயம் கலந்த பெட்ரோலை அமெரிக்கச் சாலை வண்டிகளுக்கு 1996-இல் தடுத்துவிட்டார்கள். அந்த ஈயத்தின் பாதுகாப்பை நம்பியிருந்த பழைய எஞ்சின்களுக்குக் கடினமான வால்வு இருக்கைகள் பொருத்துகிறார்கள். 1967-ஆம் வருஷத்து மஸ்டாங்கின் கூடு முழுவதையுமே புதிதாகச் செய்து விற்கிறார்கள் என்றால் பாருங்களேன்!

ஆனால் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கூப்பிடும். டிஸ்க் வைத்தால் எண்ணெயின் அழுத்தம் அதிகம் வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்தத்தைப் பங்கிட ஒரு வால்வு வேண்டும். இல்லாவிட்டால் பின் சக்கரங்கள் முன்னதாக இறுகி வண்டியின் வால் வீசும். பழைய 14 அங்குலச் சக்கரம் புது டிஸ்க்கின்மேல் உட்காராமற் போகலாம். வேகத்துக்காக எஞ்சினில் முரட்டுக் காம்ஷாப்டு வைத்திருந்தால், பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் போதாமல், பெடல் கல்லாகிவிடும். பிரேக் மாற்றப் போனவர் சக்கரம் மாற்றி வருவது இப்படித்தான்.

இது இப்படியிருக்க, அவருடைய சிநேகிதர்கள் வேறு பாட்டுப் பாடுகிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பதுதான் வண்டி; ஓர் ஆணியை மாற்றினாலும் கௌரவம் போச்சு, விலையும் போச்சு என்கிறார்கள். விலை விஷயம் பொய்யல்ல. எஞ்சினில் பொறித்த எண் வண்டியின் எண்ணோடு ஒத்திருந்தால் ஒரு விலை; ஒத்திராவிட்டால் வேறு விலை. 1971-ஆம் வருஷத்துப் பிளிமத் ஹெமி குடா வண்டியொன்று 2014-இல் ஸியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போயிற்று. பழைய எண்ணை அராவிவிட்டுப் புது எண் பொறிக்கும் சாமர்த்தியசாலிகள் ஏன் கிளம்பினார்கள் என்பது இதிலிருந்து விளங்கும். 1964, 1965 வருஷத்து ஜி.டி.ஓ.க்கள் உபரிச் சாமானாகவே பிறந்தவையாதலால், வண்டி எண்ணைப் பார்த்து அசலையும் போலியையும் பிரிக்க முடியாது. சாதாரணக் குடும்ப வண்டிக்குப் பெயர்த்தகடு மாட்டி விற்றவர்கள் பலர். நமக்கு உண்மையில் கோபம் வருவது இவர்கள்மேல்தான். டிஸ்க் பிரேக் போடுகிறவர்மேல் அல்ல.

பழையபடியே வைத்திருப்பதன் அழகையும் நாம் மறுக்கவில்லை. 1968-இல் வந்த ‘புல்லிட்’ என்னும் சினிமாவில் ஸ்டீவ் மக்வீன் ஓட்டிய மஸ்டாங்கை 1974-இல் ஒரு குடும்பத்தார் வாங்கினார்கள். அந்த வீட்டு அம்மாள் ஓர் உபாத்தியாயினி; அதில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தார்! 1977-இல் மக்வீனே விலைக்குக் கேட்டும் கொடுக்கவில்லை. சாயம் மங்கி, ஒடுக்கு விழுந்த அதே கோலத்தில் 2020-இல் அது 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு விற்றது. அந்த ஒடுக்குகளைத் தட்டி நிமிர்த்தியிருந்தால் அது மகா பாதகமாகியிருக்கும்.

நம் மாணாக்கரின் வண்டி எந்தச் சினிமாவிலும் நடித்ததன்று. அதன் எஞ்சினும் முன்னமே எவரோ மாற்றியது. ஆகவே நாம் எழுதிய பதில் சுருக்கமானது: அம்மாளின் தீர்ப்பின்மேல் அப்பீல் கிடையாது. கூட்டில் புதுத் துளை இடாமல், பழைய திருகாணித் துளைகளிலேயே பொருந்தும் டிஸ்க்குகளாகப் பார்த்து வாங்கவும். கழற்றிய டிரம்களை எண்ணெய் தடவி, சீட்டு எழுதிக் கட்டி, பெட்டியில் வைக்கவும். மாற்றியது இன்னது, மாற்றிய தேதி இன்னது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வரவும். என்றாவது விற்க நேர்ந்தால் அந்த நோட்டும் பெட்டியும் வண்டியோடு போகட்டும்.

பதில் வந்துவிட்டது. பிரேக் முடிந்ததாம், சரிவில் பத்து முறை இறங்கிப் பார்த்தாராம், குழந்தையும் ஏறிவிட்டாளாம். இப்போது சாயம் சிவப்பா நீலமா என்று கேட்டிருக்கிறார். அதை அந்தப் பெண்ணிடமே கேட்கும்படி எழுதியிருக்கிறோம்.