"போர்டு போச்சு!"

மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை



மலர்க் குழு அண்ணன்கள் கட்டுரை கேட்டபோது, "நட்பு, தாய்மை, நாட்டுப்பற்று, எதை வேணும்னாலும் எழுதுப்பா" என்றார்கள். மூன்றையும் போன வருட மலரிலேயே பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுதப் போவது பாத்திரம் கழுவும் மிஷினைப் பற்றி. சிரிக்க வேண்டாம். டிப்ளமோ படிக்கிற நம் எல்லோருக்கும் அதற்குள் ஒரு சங்கதி இருக்கிறது.

என் ஊர் திருத்தணி. மேலே முருகன், ஏறிப் போக 365 படி, ஆடிக் கிருத்திகை வந்தால் காவடிக் கூட்டம். சாமி பார்த்துவிட்டு இறங்குகிற கூட்டத்துக்குப் பசிக்குமே! மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு டிபன் ஓட்டலில் என் அம்மா பாத்திரம் கழுவுகிறாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதுதான் வேலை. அப்பாவுக்கு விசைத்தறிக் கூலி. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். கிருத்திகை முடிந்த ராத்திரிகளில் அம்மாவின் விரல் இடுக்கெல்லாம் ஊறி, வெளுத்து, புண்ணாக இருக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக் கொண்டு, சாப்பாட்டைக் கையால் பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிடுவாள்.

போன வருடம் ஓட்டல் முதலாளி, சென்னையில் மூடிவிட்ட ஒரு ஓட்டலிலிருந்து பழைய டிஷ்வாஷர் ஒன்றை வாங்கி வந்தார். மேடைக்கு அடியில் வைக்கிற சைஸ். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். "தேய்க்காம எப்படிடா எண்ணெய் போகும்?" என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான். அந்த மிஷின் தேய்ப்பதே இல்லை. கீழே தொட்டியில் இருக்கும் சோப்புத் தண்ணீரைச் சூடாக்கி, பம்ப் அதை வேகமாகத் தட்டுகள் மீது பீய்ச்சுகிறது. இரண்டு மூன்று நிமிஷம் கழித்து, தனியாக பாய்லரில் 80 டிகிரிக்கு மேல் சூடான நல்ல தண்ணீர் வந்து அலசிவிடுகிறது. அந்தச் சூட்டிலேயே தட்டு தானாகக் காய்ந்துவிடும். தண்ணீரின் வேகத்தால் கழுவும் இந்த யோசனைக்கு அமெரிக்காவில் ஜோசபின் காக்ரேன் என்ற பெண்மணி 1886-ல் பேட்டண்ட் வாங்கினார். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய மிஷின் இடம் பெற்றது. (அந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்த சமயப் பேரவையில்தான் விவேகானந்தர் பேசினார். இது நம் வரலாற்றுப் புத்தகத்தில் உண்டு, அது இல்லை!) முதலில் அதை வாங்கியவர்களும் ஓட்டல்காரர்கள்தானாம்.

மூன்று மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு நாள், போட்டால் போட்டபடி சுற்றிக் கொண்டே இருந்தது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம்... அலசலும் வரவில்லை, முடிகிற மணியும் அடிக்கவில்லை. முதலாளி ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் கதவைத் திறந்தார், மூடினார், ஸ்விட்சை நாலு தரம் அழுத்தினார். ஐந்தே நிமிஷத்தில் தீர்ப்பு: "போர்டு போச்சு! 18,000 ரூபா ஆகும்." மீட்டரை அவர் பையிலிருந்து எடுக்கவே இல்லை. "அந்தக் காசுக்கு இதை எடைக்குப் போட்டுடலாம்" என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். அம்மா பழையபடி குழாயடியில் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்க்கிறேன் என்று சொன்னேன். மனசுக்குள் ஒரு உறுத்தல் இருந்ததையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மிஷினைச் சரி பண்ணிவிட்டால் அம்மாவுக்கு வேலை இருக்குமா? அவள் சம்பளத்தில்தான் என் பஸ் பாஸும் பரீட்சை ஃபீசும். அம்மாவிடமே கேட்டேன். "போடா! இட்லிக் கொப்பரையும் சாம்பார் அண்டாவும் அதுக்குள்ள போகுமா? தட்டு டம்ளர் தொல்லை ஒழிஞ்சா போதும். நீ பாரு நைனா" என்றாள்.

பார்த்தேன். முதல் ஒரு மணி நேரம் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. ஓடும்போது கதவைத் திறந்தால் நின்றது, மூடினால் ஓடியது. அப்படியானால் கதவு ஸ்விட்ச் சரி. தண்ணீர் வருகிறது, பம்ப் பீய்ச்சுகிறது. தொட்டித் தண்ணீரும் சூடுதான். அலசல் மட்டும் வரவில்லை. ஏன்? இந்த மாதிரி மிஷின்களில் ஒரு ஏற்பாடு உண்டு. பாய்லர் தண்ணீர் போதுமான சூட்டுக்கு வந்தால்தான் அலசலை விடும், அதுவரை கழுவிக் கொண்டே இருக்கும். ஆறிய தண்ணீரில் அலசி ஏமாற்றக் கூடாது என்பதற்காக வைத்தது. பாவம் அந்த போர்டு! கெட்டுப் போகவில்லை, சூட்டுக்காகக் காத்துக் கொண்டிருந்தது. காத்திருந்த குற்றத்துக்கு அதற்கு 18,000 ரூபாய் தண்டனை.

நம் ஊகம் சரிதானா என்று பார்க்க வேண்டுமே. தெரிந்த ஒயர்மேன் அண்ணனையும் அவருடைய கிளாம்ப் மீட்டரையும் கூட்டி வந்தேன். ரப்பர் செருப்பு, காய்ந்த பலகை, பக்கத்தில் எம்.சி.பி.யில் கை வைத்தபடி ஒரு ஆள். (நண்பர்களே, இதை எல்லாம் தனியாகச் செய்யாதீர்கள். தண்ணீரும் கரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கிற மிஷின் இது.) பாய்லர் ஹீட்டரின் முனைகளில் 230 வோல்ட் வந்தது. அதாவது போர்டு ஒழுங்காக உத்தரவு போட்டுவிட்டது. ஆனால் கிளாம்ப் மீட்டர் பூஜ்யம். சப்ளையை நிறுத்தி, ஒயரைக் கழற்றி ஓம்ஸ் பார்த்தோம். 3 கிலோவாட் ஹீட்டர். 230 வோல்ட்டை அதே 230-ஆல் பெருக்கி 3000-ஆல் வகுத்தால் பதினேழரை ஓம் சுமார் காட்ட வேண்டும். முதல் வருடத்தில் நாமெல்லாம் மனப்பாடம் செய்த அதே ஃபார்முலா! மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை. உள்ளே கம்பி அறுந்து போச்சு.

ஹீட்டர் போய்விட்டது, மாற்றிவிடலாம், கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். கழற்றி வெளியே எடுத்தபோது அதன் மேல் விரல் கனத்துக்கு வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி படிந்திருந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "இது நம்ம வெந்நீர் அண்டா அடியில பிடிக்கிறதுதானே? போர் தண்ணி வேலை. நான் புளி போட்டுக் கொதிக்க வெச்சு எடுப்பேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கடின நீரைக் காய்ச்சினால் கால்சியம் கார்பனேட் படியும் என்று கெமிஸ்ட்ரியில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அந்தப் படிவு சூட்டைத் தண்ணீருக்குப் போக விடாது. ஹீட்டர் தன் சூட்டில் தானே வெந்து அறுந்து போகும். புது ஹீட்டர் போட்டாலும் அதே கதிதான். எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாத அம்மா, நான் விட்டுவிட்ட மூல காரணத்தை ஒரே பார்வையில் சொல்லிவிட்டாள். மருந்து அதிகாரத்தின் 948-ஆவது குறளில் வள்ளுவர் வைத்த வரிசையும் இதுதான்: நோய் எது, அது எதனால் வந்தது, தீர்க்கும் வழி எது. நம்மில் பலர் நடுவில் இருப்பதைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

அப்பாவும் அப்படித்தான். நாலு தறி ஒரே நேரத்தில் ஓடும் சத்தத்தில், எந்தத் தறியில் கோளாறு என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லுவார். இந்த வித்தை எங்கள் வீட்டில் எனக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

மின்சார ரயில் ஏறிச் சென்னைக்குப் போய், பாரிமுனைப் பக்கம் அதே அளவில் ஹீட்டர் வாங்கி வந்தேன். 1,400 ரூபாய். பாய்லரை எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊற வைத்துச் சுத்தம் செய்தோம். மிஷின் ஓடியது. தண்ணீரை மென்மையாக்க ஒரு சாஃப்ட்னர் போட்டாக வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். "பார்க்கலாம் தம்பி" என்றார். அவர் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அம்மாவுக்குத் தெரியும்.

இப்போது நம் கல்லூரி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடத்தில் எத்தனை மோட்டாருக்கு ரீடிங் எடுத்திருப்போம்! எல்லாம் நன்றாக ஓடுகிற மோட்டார்கள். டேபுலர் காலம் போட்டு, கிராஃப் வரைந்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கினோம். சீனியர் நோட்டைப் பார்த்து எழுதியதும் உண்டு, அதை விடுங்கள். கெட்டுப் போன ஒரு மிஷினை நம் முன்னால் வைத்து "என்ன கோளாறு, எதனால், எப்படித் தெரிந்தது?" என்று ஒருவரும் கேட்டதில்லை. வெளியே போனால் நம்மிடம் வரப் போவதெல்லாம் கெட்டுப் போன மிஷின்தானே? பயிற்சி இல்லாதவன் என்ன சொல்லுவான்? "போர்டு போச்சு" என்றுதான் சொல்லுவான். அந்த மெக்கானிக் அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் ஒருவரும் கற்றுத் தரவில்லை.

ரிப்பேர் என்றால் மட்டமான வேலை, டிசைன் என்றால்தான் கௌரவம் என்று நம்மிடையே ஒரு நினைப்பு இருக்கிறது. உலகம் வேறு பக்கம் போகிறது. வீட்டு டிஷ்வாஷரை ஐரோப்பாவில் விற்பவர்கள், அந்த மாடலைச் சந்தையில் நிறுத்திய பிறகும் பம்ப், மோட்டார், ஹீட்டர் மாதிரியான பாகங்களைக் குறைந்தது 7 வருடமும், சில பாகங்களை 10 வருடமும் தர வேண்டும் என்ற விதி 2021 மார்ச்சில் அமலுக்கு வந்தது. நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்கு ஒரு குழு அமைத்தது. அதே வருடம் டிசம்பரில் அதற்கென ஒரு இணையதளமும் தொடங்கியது. உரிமை வருவது நல்லதுதான். ஆனால் மீட்டரைப் பைக்குள் வைத்திருப்பவனுக்கு உதிரி பாகம் கிடைத்து என்ன பயன்?

மாணவர் சங்கத்துக்கு என் வேண்டுகோள் பெரிதல்ல. ஒர்க்‌ஷாப் பின்னால் ஸ்க்ராப் அறை பூட்டியே கிடக்கிறது. அதைத் திறந்து தரச் சொல்லிப் பிரின்சிபாலிடம் கேட்போம். ஆளுக்கொரு செத்த மிக்சி, கிரைண்டர், ஃபேன், எது கிடைத்தாலும் வீட்டிலிருந்து கொண்டு வருவோம். சனிக்கிழமை மதியம் நாலு நாலு பேராக உட்காருவோம். ஒரே ஒரு விதி: கோளாறு எதனால் வந்தது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்காமல் யாரும் ஸ்பேர் பார்ட் கேட்கக் கூடாது. வாத்தியார்கள் வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் நடத்தலாம்.

இந்தக் கட்டுரையை எழுதிக் கொண்டிருந்த வாரத்தில் அம்மா ஓட்டலிலிருந்து போன் பண்ணினாள். "நைனா, மறுபடியும் சுத்திக்கிட்டே இருக்குது. தண்ணி வருது, கதவைத் தெறந்தா நிக்குது, தொட்டி சூடா இருக்குது. மேல அந்தக் குழாயைத் தொட்டா ஜில்லுனு இருக்குது." நான் கேட்க நினைத்த நாலையும் அவளே பார்த்து முடித்துவிட்டாள். மெயினை அணைத்து வைக்கச் சொல்லிவிட்டுச் சாயங்காலம் போனேன். ஹீட்டர் நன்றாக இருக்கிறது. அதிகச் சூட்டுக்குக் கட் ஆகிற சேஃப்டி தெர்மோஸ்டாட்தான் ட்ரிப் ஆகியிருந்தது. பட்டனை ஒரு அமுக்கு அமுக்கினால் ஓடும். "அமுக்கிடு தம்பி, கஸ்டமர் நிக்கறாங்க" என்றார் முதலாளி. "அது ஏன் விழுந்துச்சுன்னு பாருடா மொதல்ல" என்று அம்மா ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டினாள்.