ஒரு சோறு பதமாகுமா?

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் அடுப்படியில் பிறந்த பழமொழி. ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே நெருப்பு. ஆதலால் ஒன்றைத் தொட்டால் மற்றவற்றின் நிலை தெரிந்துவிடும். கணினி மென்பொருள் அத்தகைய பானை அன்று. அதன் உறுப்புகள் வெவ்வேறு வேலை செய்பவை. ஒன்று வெந்திருக்க, மற்றொன்று வேகாமல் கிடக்கலாம். ஆகவே மென்பொருளுக்குப் பலவகைச் சோதனைகள் வேண்டும். அவை தனித்தனியே நடத்தப்படவும் வேண்டும் என்பது என் கருத்து.

நாமறிந்த பால் கூட்டுறவுச் சங்கத்தையே எடுத்துக்கொள்வோம். கொழுப்புச் சத்து, இதரச் சத்து ஆகியவற்றின் அளவைக் கொண்டு பாலுக்கு விலை கணக்கிட ஒரு நிரல் எழுதுகிறோம். அந்தக் கணக்கு மட்டும் சரிதானா என்று பார்ப்பது யூனிட் சோதனை. இத்தகைய நூறு சோதனைகளைக் கணினி சில நொடிகளில் தானே முடித்துவிடும். பால் பரிசோதனைக் கருவியிலிருந்து எண்கள் வந்து, தரவுத்தளத்தில் பதிந்து, சீட்டு அச்சாகிறதா என்று பார்ப்பது இணைப்புச் சோதனை. இதற்குத் தரவுத்தளம் இயங்க வேண்டும். கருவியோ, கருவியைப் போல எண்களை அனுப்பும் வேறொரு நிரலோ வேண்டும். நேரமும் மிகுதியாகும்.

இவ்விரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி ஓட்டினால் என்ன நேரும்? ஒரு வரியைத் திருத்தியவர் விடைக்காக நெடுநேரம் காத்திருக்க வேண்டும். நாளடைவில் சோதனையையே தவிர்த்துவிடுவார். தோல்வி வந்தாலோ, தரவுத்தளம் இயங்காததால் வந்ததா, கணக்கே பிழையா என்பது விளங்காது. "அது எப்போதும் அப்படித்தான்" என்ற அலட்சியம் புகுந்தபின் உண்மையான பிழையும் கண்ணுக்குத் தப்பிவிடும். இதனாலேயே, ஜாவா மொழியில் எழுதுவோர் பயன்படுத்தும் மேவன் என்னும் தொகுப்புக் கருவியில் யூனிட் சோதனைக்கு ஷூர்ஃபயர், இணைப்புச் சோதனைக்கு ஃபெயில்சேஃப் என இரு தனித் துணைக்கருவிகள் உள்ளன. முன்னதில் தோல்வி கண்டால் தொகுப்பு வேலை அங்கேயே நிற்கும். பின்னதோ, சோதனைக்கென இயக்கிய சர்வர் முதலியவற்றை முறையாக நிறுத்த இடங்கொடுத்து, அதன் பிறகே தோல்வியை அறிவிக்கும்.

தனித்தனிச் சோதனையின் அருமைக்குச் சான்று நம் மண்ணிலேயே உண்டு. 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2 திட்டத்தின் விக்ரம் கலம் நிலவில் மோதி அழிந்தது. அதன் பின்னர் சந்திரயான்-3 கலத்துக்கு இஸ்ரோ மூவகைச் சோதனைகளை நடத்தியது. உணர்கருவிகளும் வழிகாட்டும் முறையும் ஹெலிகாப்டரில் வைத்துச் சோதிக்கப்பட்டன. அவற்றோடு இயக்கும் உறுப்புகளும் சேர்ந்து செயற்படுவது உயரமான கிரேனில் சோதிக்கப்பட்டது. இறங்குகால்கள் நிலவு மண்ணை ஒத்த மண்பரப்பில் சோதிக்கப்பட்டன. நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்த அனார்த்தோசைட் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைக்கிறது. சந்திரயான் சோதனைகளுக்காக அதிலிருந்து மண் ஆக்கும் பணியில் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துப் புவியமைப்பியல் துறையினர் துணைநின்றனர். 2023 ஆகஸ்ட் 23 அன்று கலம் பத்திரமாக இறங்கியதை உலகமே கண்டது.

ஆயின், தனித்தனியே நடத்துவது என்பது ஒன்றை நடத்தி மற்றொன்றைக் கைவிடுவதன்று. 1999 டிசம்பர் 3 அன்று செவ்வாயில் இறங்க வேண்டிய நாசாவின் மார்ஸ் போலார் லேண்டர் தொலைந்துபோயிற்று. கால்கள் விரிந்தபோது எழுந்த கணநேரக் குறிப்பைத் தரை தொட்டதாக மென்பொருள் எடுத்துக்கொண்டு, சுமார் 40 மீட்டர் உயரத்திலேயே எஞ்சின்களை நிறுத்தியிருக்க வேண்டும் என்பதே விசாரணைக் குழு கண்ட மிக நிகழத்தக்க காரணம். முழு அமைப்பையும் சோதித்தபோது அந்த உணரிகளின் கம்பி இணைப்பு தவறாக இருந்தது. அதைத் திருத்திய பின் தரைதொடும் கட்டத்தை மட்டும் மீண்டும் சோதித்தனர். கால் விரியும் கட்டத்தை விட்டுவிட்டனர்.

நம் ஆய்வுக்கூட நிலை என்ன? ஒரே ஒரு மாதிரி எண்ணைக் கொடுத்து, விடை திரையில் வந்தால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. ஒரு சோறு பதம்! நேரம் போதாது என்று விரிவுரையாளர்கள் கூறலாம். ஒருமுறை எழுதிய யூனிட் சோதனை ஒவ்வொரு முறையும் சில நொடிகளில் ஓடுமே! ஆய்வேட்டில் ஒவ்வொரு நிரலுக்கும் யூனிட் சோதனைக்கு ஒரு பக்கமும் இணைப்புச் சோதனைக்கு ஒரு பக்கமும் ஒதுக்கினால் போதும். தவறான எண்களைக் கொடுத்துப் பார்ப்பதும் அதில் இடம்பெறட்டும். நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். வேலைக்குச் சென்றபின் இவற்றைச் சொல்லித்தர வீட்டில் எவருமில்லை. வகுப்பறைதான் சொல்லித்தர வேண்டும்.

நாளை நாம் எழுதும் நிரலை நம்பித்தான் ஒரு தாய் விடியற்காலையில் பாலை அளந்து ஊற்றுவாள். கணக்குப் பிழைத்தால் குறைவது அவள் கூலி. ஆதலின் நண்பர்களே, சோதனைகளை வகைபிரித்து நடத்தப் பழகுவோம். எதனையும் விட்டுவிடாமல் நடத்துவோம்.